பதினேழாவது பெயர்

சோழபுரத்துக் காசிராஜனுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க வந்தபோது வயது ஐம்பத்து மூன்று. வாசிக்க வந்த பிறகுதான், தான் செய்த காரியம் என்னவென்று அவருக்குத் தெரிந்தது. "தெரியாமலே கெடந்திருந்தா நிம்மதியா செத்திருப்பேன்" என்று இப்போதும் சில நாள் சொல்வார். சொன்ன கையோடு, அந்த நிம்மதியை நினைத்ததற்காகவும் கூசிப்போவார்.

ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் அவருக்குப் பஞ்சு குடோன் வேலை. லாரியில் வந்திறங்கும் பேல்களை, அதாவது பஞ்சுப் பொதிகளை, ரகம் பிரித்து அடுக்க வேண்டும். பஞ்சு கலக்கும் மிக்சிங் பகுதியில் எந்த ரகம் கேட்கிறார்களோ அதைத் தள்ளிக்கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவர். பேலின் மேல் பூசியிருக்கும் சிவப்பு, பச்சை, நீலக் கோடுகளை வைத்தே இருபத்திரண்டு வருஷம் ஓட்டிவிட்டார். கையெழுத்து மட்டும் போடுவார். அதுவும் இளவயதில் யாரோ எழுதிக் காட்டியதைப் பார்த்துப் பார்த்துக் கோலம்போலப் பழகியது. அதில் எது 'கா', எது 'ரா' என்று கேட்டால் தெரியாது.

அவருடைய அம்மாவை முடங்கியாறு ரோட்டில் ஒரு வேன் இடித்துத் தள்ளியபோது, ரத்தம் கொடுக்க முதலில் வந்து நின்றவன் சுந்தரபாண்டியன். பிளக்ஸ் போர்டு அடிக்கும் கடை வைத்திருந்தவன். காசிராஜனைவிடப் பதினைந்து வயது இளையவன். கூடவே நான்கு பேரைக் கூட்டி வந்திருந்தான். பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தும் அம்மா பிழைக்கவில்லை. ஆனால் பாடை தூக்கியதிலிருந்து பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் சுந்தரபாண்டியன் வீட்டை விட்டு நகரவில்லை. கூடப் பிறந்தவன்கூட அவ்வளவு செய்திருக்க மாட்டான் என்று காசிராஜன் நினைத்தார். அதன் பிறகு அவன் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனார்.

சுந்தரபாண்டியன் 'பேரவை' என்று ஒன்றை நடத்தினான். அதில் சேர்ந்தவர்களுக்குத் தினமும் போனில் குரல் பதிவுகள் வரும். "நம்ம ஊரை ஒவ்வொரு தெருவா பிடிக்கிறாங்க. பிள்ளைகளைத்தான் முதல்ல வளைப்பாங்க. இன்னைக்குத் தூங்கினோம்னா நாளைக்கு நம்ம சாமிக்கு விளக்குப் போட ஆள் இருக்காது." காதில் மாட்டிக்கொண்டு காசிராஜன் பேல் தள்ளுவார். ஒரு வருஷம் கேட்ட பிறகு, அது அடுத்தவன் பேச்சு என்பதே மறந்துபோனது. தன் மனதில் தானாகத் தோன்றியதாகவே அதையெல்லாம் நம்பினார்.

அவர் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஏசுவடியான் என்ற தையல்காரர் இருந்தார். காசிராஜனின் கல்யாணச் சட்டையைத் தைத்தவர். மனைவி ஞானரத்தினம். வீட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. ஞாயிற்றுக்கிழமை அங்கே பத்துப் பன்னிரண்டு பேர் கூடி ஜெபம் செய்வார்கள். முப்பது வருஷமாக நடப்பதுதான். இப்போது அது காசிராஜனின் கண்ணை உறுத்த ஆரம்பித்தது. துணியைத் தைக்க ராஜபாளையத்துக்குக் கொண்டுபோனார். ஏசுவடியான் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சனிக்கிழமை மதியங்களில் ஊர்ப் பெண்கள் சிலர் அந்தக் கொட்டகைக்குள் போவதாகக் கேள்விப்பட்டு, அதைச் சுந்தரபாண்டியனிடம் போய்ச் சொன்னவரும் அவர்தான்.

2022 பங்குனியில் ஒரு சனிக்கிழமை, நாலு மணிக்கு, பதினான்கு பேர் அங்கே போனார்கள். முன்னால் நடந்தவர் காசிராஜன். தெருமுனையிலேயே சத்தம் போட ஆரம்பித்துவிட்டார். கொட்டகைக்குள் நுழைந்தபோது ஞானரத்தினம் மட்டுமே நின்றார். தரையில் பாய்களும் சிலேட்டுகளும் கிடந்தன. பின்பக்கத் தட்டி திறந்திருந்தது.

"சிலேட்டைப் பாத்தீங்களாணே? பிள்ளைகளைப் பிடிக்கத்தான்" என்றான் சுந்தரபாண்டியன்.

சிலேட்டுகளை உடைத்தார்கள். பாய்களைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். ஞானரத்தினம் எதையும் தடுக்கவில்லை. ஒரு நீள நோட்டை மட்டும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார்.

"தம்பி, ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும். இது மட்டும் வேண்டாம். இதுல பேருக இருக்கு."

அதுதான் வினையாகிப்போனது. பெயர்களை மறைக்கிறாள் என்றால் அதில் ஏதோ இருக்கிறது. காசிராஜன் நோட்டைப் பிடித்து இழுத்தார். அந்த அம்மாள் விடவில்லை. ஓங்கி ஒரு இழுப்பு இழுத்ததும் நோட்டு கையோடு வந்துவிட்டது. ஞானரத்தினம் நிலைப்படியில் விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. அந்தச் சத்தம் காசிராஜனுக்குக் கேட்டது. கேட்காததுபோல வெளியே வந்துவிட்டார்.

சுந்தரபாண்டியன் நோட்டைப் புரட்டிப் பார்த்தான். அவனுக்கு வாசிக்கத் தெரியும். "சரியான லிஸ்ட்டுணே. மதம் மாத்தப்போற ஆளுக பேரு பூரா இருக்கு. வெளியே கொடுத்தா அமுக்கிருவாங்க, நீங்களே பத்திரமா வச்சிருங்க" என்றான். அன்று சாயங்காலமே தட்டச்சு செய்த புகார் ஒன்று வந்தது. காசிராஜன் அதன் அடியில் தன் கோலத்தைப் போட்டார். ஏசுவடியான், ஞானரத்தினம் இருவர் மேலும் வழக்குப் பதிவானது. முறிந்த கைக்கு யாரும் வழக்குப் போடவில்லை. நாலைந்து மாதத்தில் அவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் வாடகைக்குப் போய்விட்டார்கள். அவர்கள் சாமான் ஏற்றிய லோடு ஆட்டோ தெருவைத் தாண்டியதும் பேரவைக்காரர்கள் வெடி போட்டார்கள். சரத்துக்குத் தீ வைத்தவர் காசிராஜன்.

நோட்டைப் பறித்த அன்று ராத்திரியே அதைப் பரண்மேல் ஒரு மஞ்சப்பையில் வைத்திருந்தார். அவர் மனைவி மாரீஸ்வரி அதைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அவள் கெண்டைக்காலில் நீளமாக ஒரு கீறல் இருந்தது. நூறு நாள் வேலையில் முள் கிழித்துவிட்டது என்றாள். காசிராஜன் அதற்கு மேல் விசாரிக்கவில்லை.

இரண்டு வருஷம் போனது. ஆலையில் பேல்களுக்குச் சாயக்கோடு போடுவதை நிறுத்திவிட்டு அச்சடித்த சீட்டு ஒட்ட ஆரம்பித்தார்கள். முதல் மாதமே காசிராஜன் ரகம் மாற்றித் தள்ளிவிட்டார். நூல் அறுந்து அறுந்து ஒரு ஷிப்டே பாழாய்ப் போனது. லேபர் ஆபீசர் கூப்பிட்டுச் சொன்னார்: "கேன்டீன்ல எழுத்தறிவு வகுப்பு ஆரம்பிக்கப் போறாங்க. அதுல சேருங்க. இல்லேன்னா குடோன்ல ஒங்களை வச்சிருக்க முடியாது."

ஷிப்டு முடிந்து மூன்றே காலுக்கு வகுப்பு. இருபது பேர். பதினெட்டுப் பேர் பெண்கள். சொல்லிக் கொடுக்க வந்தவள் அனுசியா. பி.எட். முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தவள். வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பம். சந்தோஷம் வந்தால் தெலுங்கிலும் கோபம் வந்தால் தமிழிலும் பேசுவாள். இரண்டு பேருக்கு ஒரு புத்தகம் என்று கொடுத்தாள். காசிராஜனுக்கு ஜோடியாக அமைந்தது பரிபூரணம். ஆலையில் பெருக்குகிற பெண். கழுத்தில் ஜெபமாலை.

காசிராஜன் பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தார். அவ்வளவு தூரத்திலிருந்து எழுத்து சரியாகத் தெரியாது. பரிபூரணம் தினமும் புத்தகத்தை நடுவில் தள்ளி வைப்பாள். அவர் கையால் தொட மாட்டார். இரண்டு வாரம் இப்படியே போனது. ஒருநாள் அவளே கேட்டாள்.

"அண்ணே, இது 'மு'வா, 'ழு'வா? எனக்கு ரெண்டும் ஒண்ணுபோலத் தெரியுது."

அவருக்குத் தெரிந்திருந்தது. "மு" என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் ஓர் எழுத்தை அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். அந்தப் பெருமையில் தன்னையறியாமல் பெஞ்சில் உள்ளே நகர்ந்து வந்துவிட்டார்.

"நீ எதுக்கும்மா இந்த வயசுல படிக்க?" என்று ஒருநாள் கேட்டார்.

"எம் புருசன் கல்லறையில பேரைத் தப்பா வெட்டிட்டாங்கன்னு எம் மக சொல்லுதா. வெட்டுனவன் இல்லேங்கான். நானே வாசிச்சுப் பாத்துரணும்ணே."

இவர்களைப் பற்றித்தான் அந்தக் குரல் பதிவுகள் பேசுகின்றன என்பது அவருக்கு அன்று சட்டென்று நினைவு வந்தது. ஊரைப் பிடிக்க வந்தவள் இவள் என்று நினைத்துப் பார்த்தார். பொருந்தவில்லை. ஆனால் நினைப்பை அப்படியே விட்டுவிட்டார். ஒன்றைப் பொருந்தவில்லை என்று எடுத்துப் போட்டால், வரிசையாக எல்லாவற்றையும் எடுத்துப் பார்க்க வேண்டிவரும்.

அனுசியாவுக்கு ஒரு பழக்கம். பேப்பரில் வந்த செய்தி ஒன்றை வெட்டிக்கொண்டு வந்து வாசிக்கச் சொல்வாள். வாசித்ததும் மூன்று கேள்வி. யாரு? எங்கே? எப்போ? மூன்றுக்கும் விடை செய்தியிலேயே இருக்க வேண்டும். இல்லையென்றால், "அப்ப இது செய்தியே இல்ல, போடுங்க அங்கிட்டு" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள்.

எட்டு மாதத்தில் காசிராஜன் போனில் வருவதை எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கினார். பேரவையிலிருந்து ஒரு செய்தி, உடைந்த சிலையின் படத்தோடு வந்தது. ஆலங்குளம் சிமெண்ட் ஆலைப் பக்கத்தில் கோயில் சிலையை உடைத்துவிட்டார்களாம். கால் மணி நேரம் எடுத்து அதை வாசித்து முடித்தார். யாரு? இல்லை. எப்போ? இல்லை. எங்கே என்பது மட்டும் இருந்தது. மாரீஸ்வரியின் அண்ணன் தங்கச்சாமிக்கு ஆலங்குளத்தில் சுண்ணாம்புக்கல் குவாரியில் வேலை. அவரைக் கூப்பிட்டார்.

"கோயில்லயா? காலையிலகூட அந்த வழியாத்தான வந்தேன். ஒண்ணும் நடக்கலியே மாப்ள. யாரு சொன்னா?"

போனில் பழைய செய்திகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். அதே படம் போன வருஷமும் வந்திருந்தது. கீழே வேறு ஊரின் பெயர். அப்போது அவருக்குப் படம் மட்டும்தான் தெரிந்தது. ஊர்ப்பெயர் இன்றுதான் தெரிந்தது.

பிளக்ஸ் கடைக்குப் போய்ச் சுந்தரபாண்டியனிடம் சொன்னார். அவன் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னான்: "இன்னைக்கு நடக்கலேன்னா என்னணே? நாளைக்கு நடக்கப் போறதுதான?"

காசிராஜனுக்குப் பரண்மேல் இருந்த நோட்டு நினைவுக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அதை எடுத்துத் தூசி தட்டி வாசலில் வெளிச்சத்துக்கு உட்கார்ந்தார். மேலட்டையில் இருந்ததை வாசிக்கவே ரொம்ப நேரமானது. மு-தி-யோர் எ-ழு-த்து வ-கு-ப்பு. சனிக்கிழமை மூன்று முதல் நாலரை. திரும்பவும் வாசித்தார். அதேதான் வந்தது. உள்ளே வரிசை எண் போட்டுப் பெண்களின் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு குறிப்பு. வெள்ளைத்தாய், கையெழுத்துப் போடுகிறார். இன்னொருவர், பஸ் போர்டு வாசிக்கிறார். இன்னொருவருக்குக் கண் சரியில்லை, பெரிதாக எழுதிக் காட்ட வேண்டும். விரலை வைத்து நகர்த்திக்கொண்டே வந்தார். பதினேழாவது பெயரில் விரல் நின்றது.

மாரீஸ்வரி, க/பெ காசிராஜன். நன்றாக வாசிக்கிறார். வீட்டுக்குத் தெரியாது. யாரிடமும் சொல்லக்கூடாது.

'க/பெ' என்றால் கணவர் பெயர் என்று விண்ணப்பம் நிரப்பும் பாடத்தில் அனுசியா சொல்லிக் கொடுத்திருந்தாள்.

அடுப்படியில் மாரீஸ்வரி வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். அவர் நோட்டோடு வந்து நின்றதைப் பார்த்ததும் அரிவாள்மனையை மடக்கி வைத்தாள்.

"வாசிச்சிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"நீ..."

"நான் இது வீட்டுக்கு வந்த அன்னைக்கே வாசிச்சிட்டேன்."

"எதுக்குட்டி போன அங்க?"

"ஒங்க அம்மா ஆஸ்பத்திரியில கெடந்தாகள்ல. நர்சம்மா சீட்டைக் கையில கொடுத்து, இதைப் பாத்து மாத்திரை கொடுன்னாவ. நீங்களும் முழிச்சீங்க, நானும் முழிச்சேன். பக்கத்துக் கட்டில்காரியளுட்ட ஒவ்வொரு வேளைக்கும் போய்க் கேட்டேன். அந்த வெக்கம் எனக்குத் தாங்கல."

"அன்னைக்கு... அந்தச் சனிக்கெழமை?"

"அங்கதான் இருந்தேன். தெருமுனையிலேயே ஒங்க சத்தம் கேட்டுருச்சு. ஞானரத்தினம் டீச்சரம்மா தட்டியைத் தெறந்துவிட்டு, ஓடு ஓடுன்னாவ. வேலியைத் தாண்டும்போது முள்ளு கிழிச்சிச்சு. எல்லாரையும் அனுப்பிட்டுத்தான் அவிய நோட்டை எடுக்கத் திரும்புனாவ."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

 அடித்திருப்பார். அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். நெஞ்சோடு அந்த நோட்டை அணைத்துக்கொண்டு ஞானரத்தினம் கெஞ்சியது, தன்னிடமிருந்து தன் மனைவியைக் காப்பாற்றத்தான் என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் யாரென்று அந்த அம்மாளுக்குத் தெரியும். போலீசில் விசாரித்தபோது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், இவன் பெண்டாட்டியே எங்களிடம் படித்தவள்தான் என்று. முறிந்த கையோடு நின்றும் சொல்லவில்லை.

அன்று அவர் சாப்பிடவில்லை. மாரீஸ்வரியும் சாப்பிடச் சொல்லவில்லை.

உடனே போய்க் காலில் விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. அதுவும் சேர்ந்துதான் இன்றைக்கும் அவரைத் தின்கிறது. இரண்டு தடவை ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினார். இரண்டு தடவையும் இறங்கிய இடத்தில் அரை மணி நேரம் நின்று, போன காரணம் ஒன்று வேண்டுமே என்று பால்கோவா வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டார். மாரீஸ்வரி அதைப் பிரிக்காமலே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள்.

நாலு மாதம் கழித்துச் சம்மன் வந்தது. புகார் கொடுத்தவர் என்ற முறையில் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் அவர் சாட்சி சொல்ல வேண்டும். சுந்தரபாண்டியன் வீட்டுக்கே வந்தான். "கேக்கதுக்கெல்லாம் ஆமான்னு சொல்லுங்கணே. அஞ்சு நிமிசத்துல முடிஞ்சிரும்" என்றான். போகும்போது, "அம்மாவுக்கு ரத்தம் கொடுத்ததை நான் ஒருநாளும் சொல்லிக்காட்டுனதில்ல" என்றும் சொன்னான்.

கோர்ட்டில் ஏசுவடியானும் ஞானரத்தினமும் குற்றவாளிக் கூண்டு ஓரமாக நின்றார்கள். மூன்று வருஷமாக ஒவ்வொரு வாய்தாவுக்கும் இப்படி வந்து நின்றவர்கள். ஞானரத்தினத்தின் வலது மணிக்கட்டு கோணலாக ஒட்டியிருந்தது. காசிராஜன் அதைப் பார்த்தார், உடனே தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

அரசு வக்கீல் புகாரைக் காட்டினார். "இது ஒங்க கையெழுத்துதானே?"

"ஆமாய்யா. ஆனா அதுல என்ன இருக்குன்னு அன்னைக்கு எனக்குத் தெரியாது. இப்ப வாசிக்கத் தெரியும். ஒரு தடவை வாசிச்சுட்டுச் சொல்லட்டுமா?"

நீதிபதி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வாசிங்க" என்றார்.

அவர் சத்தமாக எழுத்துக்கூட்டி வாசித்தார். கோர்ட்டே காத்திருந்தது. "சி-று-வர்-களை ஆசை வார்த்தை கூறி..." நிறுத்தினார். "அங்க ஒரு பிள்ளையும் இல்லய்யா." அடுத்த வரி. "என்னைத் தகாத வார்த்தையால் தி-ட்-டி..." நிறுத்தினார். "அந்தம்மா என்னைத் தம்பின்னுதான் கூப்பிட்டாவ." அடுத்த வரி. "கையைப் பிடித்துத் த-ள்-ளி..." தாளைக் கீழே வைத்தார். "இழுத்துத் தள்ளினது நான்தான்யா. அவிய கையை ஒடிச்சது நான். இந்தத் தாள்ல எம் பேரும் ஊரும் மட்டுந்தான் நிசம்."

அரசு வக்கீல் அவரைப் பிறழ் சாட்சி என்று அறிவிக்கக் கேட்டுக்கொண்டார். இரண்டு மாதத்தில் தீர்ப்பு வந்தது. இருவரும் விடுதலை. கோர்ட் வாசலில் ஏசுவடியான் அவரைக் கடந்து போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

சோழபுரத்தில் பேரவைக்காரர்கள் அவரோடு பேசுவதை நிறுத்தினார்கள். அவர் பைக் சீட்டை யாரோ கிழித்துப் போட்டார்கள். அதெல்லாம் அவருக்கு வலிக்கவில்லை. சொல்லப்போனால் இன்னும் கொஞ்சம் வலித்தால் தேவலை என்றிருந்தது. ஒரு முழுத் தாளில் தானே எழுதினார். அவர் எழுதிய முதல் மனு அதுதான். ஞானரத்தினத்தின் கையை முறித்தது நான், என் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும். ஸ்டேஷனில் வாங்கிப் பார்த்த அதிகாரி, "காயம்பட்டவங்க வந்து கொடுக்கணும்யா. நீயே ஒன் மேல கொடுத்தா நான் என்ன செய்ய?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அந்தத் தாளையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு, ஒருவழியாக, ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்றார். கூட மாரீஸ்வரியும் வந்தாள். ஞானரத்தினம் மாரீஸ்வரியைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டு வாசலுக்கு வந்தார். நோட்டை வாங்கிக்கொண்டார். தாளை வாசித்தார்.

"இதுல நான் கையெழுத்துப் போட்டு ஒங்களை உள்ள அனுப்பணும். அப்படித்தான?"

"ஆமாம்மா. அனுப்புங்க. என்னால தாங்க முடியல."

"நான் தாங்குனேன்ல தம்பி? கையைக் கட்டித் தொங்கவிட்டுக்கிட்டு ஊரை விட்டு வந்தேன்ல? ஒங்க மனசை ஆத்தித்தாரது எனக்கு வேலை இல்ல. நீங்களே வச்சுக்கிடுங்க." தாளை நீட்டினார். நீட்டிய கையோடு, "ரெண்டு எடத்துல 'ற' போடவேண்டிய எடத்துல 'ர' போட்டிருக்கீங்க" என்றார். அதற்கு மேல் அவரிடம் பேசவில்லை. உள்ளே போய் மாரீஸ்வரியோடு பேசிக்கொண்டிருந்தார். காசிராஜன் வாசலிலேயே நின்றார்.

அதன் பிறகு மாரீஸ்வரி சனிக்கிழமைதோறும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறுகிறாள். அங்கே ஞானரத்தினத்திடம் அந்தத் தெருப் பெண்கள் ஏழு பேர் படிக்கிறார்கள். காசிராஜன் அந்தப் பக்கம் போவதில்லை.

அவர் வேறொன்று செய்தார். அன்று கூட வந்த பதின்மூன்று பேரில் சுந்தரபாண்டியனை விட்டுவிட்டு மற்றவர்களின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போய், அந்த நோட்டில் இருந்தது என்னவென்று சொன்னார். சிலர் கதவைச் சாத்தினார்கள். ஒருவன் சட்டையைப் பிடித்தான். முத்துராமலிங்கம் என்பவர் மட்டும் கடைசிவரை கேட்டார். மம்சாபுரத்துக்காரர், தென்னந்தோப்பில் காய் வெட்டுகிறவர். அவருக்கும் எழுத்துத் தெரியாது. சிலேட்டுகளைக் காலால் மிதித்து உடைத்தவர்.

"அந்தம்மா ஒன்னை மன்னிச்சிட்டாவளா?" என்று முத்துராமலிங்கம் கேட்டார்.

"நான் கேக்கலைலே. கேக்க வாய் வரமாட்டேங்கு."

முத்துராமலிங்கம் முற்றத்துக் குவியலிலிருந்து சரிந்து கிடந்த தேங்காய்களை எடுத்து மேலே போட்டார். பிறகு, ஆலையில் நடக்கும் அந்த வகுப்புக்கு வெளியாட்களைச் சேர்ப்பார்களா என்று கேட்டார். தெரியவில்லை, டீச்சரிடம் விசாரித்துச் சொல்கிறேன் என்று காசிராஜன் எழுந்தார்.